பத்து நிமிடக் கெடு

கறுப்புத் திரையில் கர்சர் அசையாமல் நின்றுவிட்டது. தனசேகரன் எண்டரை மறுபடி மறுபடி தட்டினார்.

நகரின் நடுவே, கியாக்டடா ஆபீஸின் நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, அலோன் பகுதிக் கிடங்கிலிருக்கும் கம்பெனி மெயில் சர்வரின் நெட்வொர்க் எண்ணை மாற்றினார். ஓர் இலக்கத்தைத் தப்பாகத் தட்டிவிட்டார். தொடர்பு அறுந்தது. ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியவர். இன்னொன்று என்றால் வேலை காலி. நாற்பத்தொன்பது வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்?

ஆனால் மனிதர் முட்டாள் இல்லை. பத்து நிமிடத்துக்குள் தான் 'சரி' சொல்லாவிட்டால் சர்வர் பழைய எண்ணுக்கே திரும்பும்படி கெடு வைத்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். மனிதனால் அது ஒன்றுதானே முடியாது!

நாலாவது நிமிடம் பக்கத்து அறைப் பவானி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, முதலாளி பாங்காக்கிலேருந்து போன்ல கத்தறார். ஏதோ மெயிலாம், போகவே மாட்டேங்குதாம். பன்னெண்டு மணிக்குள்ள இங்கே வந்தே ஆகணுமாம்."

"என்ன மெயிலும்மா?"

"சொல்லலைண்ணே."

போச்சுடா! கிடங்குக் காவலாளி ஜாபருக்குப் போன் போட்டார். "பாய், அந்தக் கறுப்புப் பெட்டியை ஒருக்கா அணைச்சுப் போடுங்க."

ஜாபர் அணைத்துப் போட்டார். பெட்டி எழுந்தது. ஆனால் வைத்த கெடு அதற்கு மறந்து போயிற்று. தப்பான எண் மட்டும் அப்படியே நின்றது. இனி அது தானாகத் திரும்பாது.

"பாய், நீல வயரைப் பிடுங்கிச் செருகிப் பாருங்க."

"எல்லாமே நீலம்தான் சேகரு. மொத்தத்தையும் பிடுங்கிட்டேன். எது எங்கே இருந்துச்சு?"

தனசேகரன் கைலியைத் தூக்கிக்கட்டிக்கொண்டு ஓடினார். சூலே சந்திப்பு நெரிசலில் பஸ் நகரவே இல்லை. இறங்கி, கொட்டும் மழையில் நடந்தார். கிடங்குக்குப் போனால் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் கயிற்றை இழுத்து இழுத்து ஜாபருக்கு மூச்சிரைத்தது. பதினொன்று ஐம்பதுக்குத்தான் அது உறுமியது. வயர்களை ஒவ்வொன்றாகச் செருகி, எண்ணைத் திருத்தினார். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

அப்பாடா! வேலை பிழைத்தது. ஜாபரின் முக்காலியில் சரிந்து உட்கார்ந்தவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

போன் அடித்தது. பவானி.

"வந்துருச்சாம்மா?"

"வந்துருச்சுண்ணே. உங்க பேருக்குத்தான்... வேலையை விட்டு நிறுத்தற நோட்டீஸ். பன்னெண்டுக்குள்ள இது வராம இருந்திருந்தா, உங்க ஒப்பந்தம் தானா நீண்டு, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு உங்களை அசைக்கவே முடியாதாம்ணே!"