எட்டுக் கட்டத்து மனிதர்

தேதி பிடிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. பாம்பு பிடிப்பவரைப் போல நீங்கள் கூப்பிட்டால் வீடு தேடி வருகிற இனம் அல்ல. ஏதாவது ஓர் அலுவலகத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள்தான் தேடிப் போகவேண்டும். இரண்டு முறை, மூன்று முறை.

இவர்கள் படிக்கமாட்டார்கள். பார்ப்பார்கள். ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்தால், ஆள்காட்டி விரல் வரிவரியாக இறங்கும். மழை இல்லை என்று எழுதியிருந்தாலும், மாடு செத்தது என்று எழுதியிருந்தாலும், மனுதாரரே செத்துவிட்டார் என்று எழுதியிருந்தாலும் நிற்காமல் இறங்கி, இரண்டு இலக்கம், ஒரு கோடு, இரண்டு இலக்கம், ஒரு கோடு, நான்கு இலக்கம் என்று எங்கே வருகிறதோ அங்கே மட்டும் நிற்கும். சிவப்புப் பென்சில் ஒரு வட்டம் போடும். அவ்வளவுதான். 3-4-1980 என்று எழுதினால் விரல் தாண்டிப் போய்விடும். மூன்றுக்கு முன்னால் பூஜ்யம் எங்கே? கல்யாணப் பத்திரிகையில் நாளை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள் என்பதற்காக, சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, "என்னைக்குன்னு போடவே இல்லையே" என்று குறைபட்டவர்கள் இந்த இனத்தில் உண்டு.

மலையடிவாரத்து அலுவலகம் ஒன்றில் இருந்த பஞ்சாட்சரம் இதில் உயர்ந்த ரகம். 1982 ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்த செல்லியம்மாள், மகள் ரஞ்சிதத்தோடு அவர் மேஜைக்கு முன்னால் நின்றாள். மூன்றாம் முறை. ரஞ்சிதம் பத்தாவது தேறி, நர்சுப் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். பதினேழு வயது முடிந்ததற்கு அத்தாட்சி வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அவள் அப்பா வேடியப்பன் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் தயாராக இருந்தான்.

பிறப்புப் பதிவேட்டில் பஞ்சாட்சரத்தின் விரல் இறங்கி முடித்தது.

"இல்லியேம்மா."

"இதோ கீது சார்," என்று ரஞ்சிதம் எட்டிப் படித்தாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் வருடம் மார்ச்சு மாதம் ஒன்பதாம் நாள், வேடியப்பன் பெண்சாதி செல்லியம்மாளுக்குப் பெண் குழந்தை."

எண்ணைத் திருத்திவிடுவார்கள், எழுத்தைத் திருத்த முடியாது என்று, மலையின் பழைய மணியக்காரர் எல்லா நாளையும் எழுத்திலேயே எழுதி வைத்திருந்தார். அத்தனை கவனமான மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று.

"அது கதைம்மா. தேதி எங்க?"

"அத்தயே நம்பரா போட்டுக்குங்களேன் சார்," என்றாள் செல்லியம்மாள். "ஒம்போது, மூணு, அறுபத்தஞ்சு."

"நானா போடறதா? இதுல இல்லாதத நான் எப்டி எழுதறது? நாளைக்கு மேல இருந்து கேட்டா நீயா வந்து பதில் சொல்லுவ?"

நியாயம்தானே? நேர்மையான மனிதர். ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கமாட்டார்.

செல்லியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் காட்டுப்பன்றி எந்த வரப்பில் இறங்கும், எதைக் கண்டால் நிற்கும் என்று சாமைக் காவலில் உட்கார்ந்து பார்த்தவள். முந்தைய இரண்டு முறையும் அவள் மணிக்கணக்கில் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த உருவத்தைக் கண்டால் அது நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தின் உச்சியில், ஓரமாக, அதே உருவம் இருந்தது.

"சார், இது இன்னாங்க?"

விரல் மேலே ஏறியது. நின்றது. 31-02-1965.

"இருக்குதே," என்றார் பஞ்சாட்சரம், பென்சிலை எடுத்துக்கொண்டு. "மொதல்லியே காட்டறதுக்கு இன்னா?"

"யம்மா," என்று ரஞ்சிதம் காதோரம் வந்தாள். "அது ஆபீசு முத்திரை. முப்பத்தோராம் பக்கம், ரெண்டாம் புஸ்தகம், வருசம். பிப்ரவரியில முப்பத்தொண்ணு ஏது?"

"சும்மா இருடி. உன்ன பெத்தது நானா, நீயா?"

அத்தாட்சித் தாளில் பிறந்த தேதிக்கென்று இருந்த எட்டுக் கட்டத்தையும் பஞ்சாட்சரம் நிரப்பினார். ஒரு கட்டமும் மீறவில்லை. மேலதிகாரி பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பயிற்சி நிலையத்தின் தலைமைக் குமாஸ்தா கட்டங்களைப் பென்சில் முனையால் எண்ணினார். எட்டு. சேர்த்துக்கொண்டார். பின்னால், அந்தப் பக்கத்தில் பெயர் இருந்த மற்ற ஆறு பிள்ளைகளும் அதே நாளில் பிறந்ததாக அத்தாட்சி வாங்கிப் போனார்கள். முப்பத்திரண்டாம் பக்கத்துப் பிள்ளைகள் மறுநாள் பிறந்தார்கள்.

அத்தாட்சி வாங்கிய அன்று, ஊர் திரும்பும் ஜீப்பில், புளி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த செல்லியம்மாள் கேட்டாள்.

"நெசமாவே அப்டி ஒரு நாளு கெடயாதா?"

"எந்த வருசத்துலயும் கெடயாது."

"நல்லதாப் போச்சு. உங்கப்பன் அந்தத் தாள எடுத்துகினு பொருத்தம் பாக்கப் போவட்டும். இல்லாத நாளுல பொறந்தவளுக்கு எவன் கட்டம் போடுவான்? நீ போய்ட்டு படி."

நீங்கள் சிரிக்கலாம். தேதி பிடிப்பவரை எங்கோ பார்த்திருப்பதாகவும் நினைக்கலாம். ஒன்றை மட்டும் கேட்கவேண்டும். ஒரு தாய் தன் மகளுக்காக என்ன செய்தாள் என்பதை இவ்வளவு நேரம் எழுத்தில் சொல்லியாயிற்று. இப்போது உங்கள் கண், இது எழுதிய தேதி கடைசி வரிக்குக் கீழே இருக்கிறதா என்று மெல்ல இறங்குகிறதே, ஏன்?