மீசையும் பச்சை லென்ஸும்

அன்று காலை வாஷ்பேசின் அருகே இருந்தவர்கள் நால்வர்: பெரியப்பா, அவருடைய தம்பி, தங்கை, தம்பியின் ஒன்பது வயது மகள் சிட்டு. சிட்டுவின் அம்மா வேலைக்குப் போய்விட்டிருந்தாள். அவள் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. குழாய்க்காரர் பிறகு வந்தவர்.

சிட்டுவுக்குக் கிட்டப்பார்வை. இரவில் கருவிழியை அழுத்திச் சீராக்கும் லென்ஸ் போட்டுத் தூங்கிக் காலையில் கழற்றிவிட்டால், பகல் முழுக்கக் கண்ணாடி இல்லாமலே தெளிவாகத் தெரியும். பெரியப்பா இதற்குச் சம்மதித்த காரணம் ஒன்றே.

"நம்ம வம்சத்துல மூக்கு மேல கண்ணாடி ஏறினதே கிடையாது."

ஆகவே தினமும் கழற்றும்போது அவரே காவல் நிற்பார். அன்று வலது லென்ஸ் டப்பாவுக்குள் போய்விட்டது. இடது கண்ணின் பச்சை லென்ஸ், அதை உறிஞ்சி எடுக்கும் ரப்பர் குச்சியின் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"எங்க, காட்டு." பெரியப்பா குனிந்தார். குச்சி முகத்தில் இடிக்கும்வரை குனிந்தார். நிமிர்ந்தபோது குச்சியில் லென்ஸ் இல்லை.

"யாரும் அசையாதீங்க!"

சனிக்கிழமை கால்பந்துப் போட்டி. கோல் காப்பவள் சிட்டு. புது லென்ஸ் வரப் பத்து நாளாகும்.

"அதுவரைக்கும் கண்ணாடிதான் அண்ணே," என்றார் தம்பி.

"மைதானத்துலயா? நாலு பேர் பார்க்கவா? தேடுடா!"

"பெரியப்பா, உங்க..." என்றாள் சிட்டு.

"நீ பேசாத. லென்ஸைக் கழட்டின கண்ணுக்கு என்ன தெரியும்? கூடத்துல போய் உட்காரு."

சிட்டுவின் அத்தை தரையைத் துழாவினாள். "கிடைச்சிருச்சு அண்ணே!"

பெரியப்பா அதைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இதேதான்."

தம்பி வாங்கி விரலால் தடவினார். நாலு ஓட்டை இருந்தது. "அண்ணே, இது என் சட்டைப் பட்டன்."

அடுத்து, லென்ஸ் கழிவுக்குழாயில் விழுந்திருக்கும் என்று தம்பி ஸ்பேனரோடு பேசினுக்கு அடியில் நுழைந்தார். கழற்றியது தண்ணீர் வரும் குழாயை. பீய்ச்சிய வேகத்தில் அத்தையின் கொண்டை அவிழ்ந்தது.

குழாய்க்காரர் வந்து தண்ணீரை நிறுத்தியபோது கூடம்வரை கணுக்கால் அளவு வெள்ளம்.

"லென்ஸ் சுவருக்குள்ள போயிருச்சு. உடைங்க," என்றார் பெரியப்பா.

குழாய்க்காரர் சுத்தியலை ஓங்கிவிட்டு நிறுத்தினார். "ஐயா, பாப்பா ரொம்ப நேரமா கையைத் தூக்கிட்டு உட்கார்ந்திருக்கே. பார்க்கலையா?"

யாரும் பார்க்கவில்லை.

கூடத்தின் மறுகோடியில், நாற்காலி மேல் சம்மணமிட்டிருந்த சிட்டு சொன்னாள்: "உங்க மீசையில இருக்கு பெரியப்பா. இடது பக்கம். அப்பவே சொல்ல வந்தேன்."

தம்பி மீசையருகே முகத்தைக் கொண்டுபோனார். "எங்க?"

அத்தையும் எட்டிப் பார்த்தாள். "எங்க?"

வெள்ளை மீசையில் பச்சையாக ஒட்டியிருந்ததைக் குழாய்க்காரர் இரண்டு விரலால் எடுத்துச் சிட்டுவின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இந்த வீட்டுல கண்ணு தெரியறது பாப்பா ஒருத்திக்குத்தான் போலிருக்கே!"

சனிக்கிழமை சிட்டு கண்ணாடி இல்லாமல் ஐந்து பந்துகளைத் தடுத்தாள். பெரியப்பா ஐந்தையும் பார்த்தார்.

அதற்கு முந்தைய நாள், கண்ணாடிக் கடையில் இந்தக் குடும்பத்தின் பெரியவர்கள் மூவரும் வரிசையில் நின்றதாகத் தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. சுத்தப் பொய். மூவருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள்.