கண்ணாடிக் குடிலின் கைராசி

“உன் கையில அப்படி என்னதாண்டி இருக்கு?”

சூப்பர்வைசர் அக்கா இப்படிக் கேட்ட அன்றைக்குத்தான் அவளுக்குக் ‘கைராசி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தீவின் தாவரத் தோட்டத்தில் ஒரு கண்ணாடிக் குடில். அதற்குள் ஒரு மணிப்பூக் கொடி. காட்டில் அந்த இனம் அருகிக்கொண்டே வந்ததால் இங்கே பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். வருஷா வருஷம் பூக்கும். ஒரு காய்கூடப் பிடிக்காது. இவள் தண்ணீர் ஊற்ற வந்த முதல் பருவத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்த்துவிட்டது.

“ஒண்ணுமில்லக்கா, தண்ணிதான் ஊத்தினேன்” என்று உள்ளதைச் சொன்னாள். யார் நம்பினார்கள்?

“அடக்கமெல்லாம் போதும். அடுத்த பூவுக்கு இயக்குநர் அம்மா நேர்ல வர்றாங்க. மறுபடியும் காய் பிடிச்சா உன் வேலை நிரந்தரம்.”

“ரொம்ப நன்றிக்கா.”

நன்றி சொல்வது அவளுக்கு இருமல் மாதிரி. அடக்க முடியாது. கதவு சட்டென்று திறந்தால் கதவுக்குச் சொல்வாள். குழாயில் தண்ணீர் வந்தால் குழாய்க்குச் சொல்வாள்.

ஆனால் அன்றைக்கு நன்றியோடு பயமும் சேர்ந்து வந்தது. வேலைக்கு வந்த முதல் நாளே, இரும்பு வாளியை வீசி நடந்ததில் பின்பக்கக் கண்ணாடி ஒன்றை அவள் உடைத்திருந்தாள். பெரிய தொட்டிகளை இழுத்து வைத்து, ஒரு சாக்கையும் தொங்கவிட்டு மறைத்திருந்தாள். சாக்கின் இடுக்கில் பச்சைப் பல்லிகள் வந்துபோயின. அவற்றைத் தொடர்ந்து ஒரு பாம்பும் வந்தது. இயக்குநர் அம்மா அந்த உடைசலைப் பார்த்தால் நிரந்தரம் என்ன, இருக்கிற வேலையும் போய்விடும்.

படகு பழுதுபார்க்கும் அவள் கணவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். “இதுக்கா அழுவுற? லீவு நாள்ல வந்து மாத்திடலாம்.”

புதுக் கண்ணாடியோடு வந்தவன் தொட்டியை நகர்த்தியதும் துள்ளிக் குதித்தான். “அடியே, இங்க ஒருத்தர் குடித்தனமே நடத்துறார்!”

“கடிக்குமாங்க?”

“மூஞ்சியப் பாத்தா சாதுவாத்தான் தெரியுது. நாம எதுக்கு நம்பணும்?”

பாம்பைச் சாக்கில் போட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டுவந்தான். இலையெல்லாம் எச்சம் என்று பல்லிகளை அவள் துடைப்பத்தால் விரட்டினாள். குடில் பளபளவென்று ஆனது. கணவனுக்கு ஒரு நன்றி, கண்ணாடிக்கு ஒரு நன்றி.

கொடி பூத்தது. பூத்ததெல்லாம் பொத்துப் பொத்தென்று விழுந்தது.

“என்னடி கைராசி?”

“இன்னும் கை வைக்கலக்கா.”

கை வைத்தாள். ஒவ்வொரு பூவாகத் தடவினாள். இதழ் கையோடு வந்தது. கொடிக்குத் தெம்பில்லையோ என்று வேரில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினாள். எறும்பு வந்தது. பிடித்துத் தின்னப் பல்லி இல்லாததால் மொட்டு வரைக்கும் தாராளமாக ஏறியது. எறும்புக்குச் சோப்புத் தண்ணீர் அடித்தாள். எறும்பு போகவில்லை, மொட்டு கருகியது. இதற்குள் கதவின் அடியைக் கடித்துக்கொண்டு எலிகளும் வந்துசேர்ந்தன.

“போன வருஷம் ஒரு எலியப் பாத்திருப்போமா?” என்றாள் சூப்பர்வைசர். “இப்ப சொந்தக்காரங்க மாதிரி பெட்டி படுக்கையோட வந்து இறங்கியிருக்கு!”

இயக்குநர் அம்மா வரும் காலை. கொடியில் மிச்சம் ஒரே ஒரு கொத்து. அதை நோக்கி ஓர் எலி ஏறிக்கொண்டிருந்தது. பதறிப்போய்க் கையில் இருந்ததை வீசினாள்.

எலி தப்பித்தது. கண்ணாடி தப்பவில்லை.

கதவு திறந்தது. இயக்குநர் அம்மா. பின்னால் சூப்பர்வைசர்.

“அடிப்பாவி!” என்றாள் சூப்பர்வைசர்.

அவள் கையுறைகளைக் கழற்றித் தொட்டியின் மேல் வைத்தாள். “நான்தாம்மா உடைச்சேன். முன்னாடியும் நான்தான். இதே இடம், இதே வாளி. மறைச்சு வெச்சேன், அப்புறம் யாருக்கும் தெரியாம மாத்தினேன். இத்தனை நாள் வேலை குடுத்ததுக்கு நன்றிம்மா.”

இயக்குநர் அம்மா அவளைத் தாண்டி உடைந்த கண்ணாடியையே பார்த்தார். உடைந்த ஓட்டை வழியாக ஒரு பச்சைப் பல்லி உள்ளே வந்து, நேரே கொடியில் ஏறி, மணிப்பூவுக்குள் தலையை விட்டது. சூப்பர்வைசர் துடைப்பத்தை எடுத்தாள்.

“தொடாதீங்க!” என்றார் இயக்குநர் அம்மா.

பல்லி தேனை நக்கிவிட்டுத் தலையை எடுத்தது. மூக்கெல்லாம் மஞ்சள் மகரந்தம். அப்படியே அடுத்த பூவுக்குள் நுழைந்தது.

“காய்ச்ச வருஷம் இவங்க வந்துட்டிருந்தாங்களா?”

“ஆமாம்மா. பாம்புகூட வந்துச்சு.”

“அப்ப எலி?”

“இல்லம்மா.”

இயக்குநர் அம்மா கவிழ்த்த தொட்டியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். “காட்டுல காய்க்கிறது இங்க ஏன் காய்க்கலன்னு நாங்க மண்டைய உடைச்சுக்கிட்டிருந்தோம். நீ கண்ணாடிய உடைச்சிருக்க! அந்த ஓட்டை அப்படியே இருக்கட்டும்மா. நீயும் இரு, நிரந்தரமா. உன் வீட்டுக்காரரை அனுப்பி, அந்தப் பாம்பையும் மரியாதையாக் கூப்பிட்டு வரச் சொல்லு.”

சூப்பர்வைசர் அக்கா கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே கிடந்ததைத் தூக்கி, நசுங்கிய விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

“இத்தனை நாளா இவ கையில என்ன இருக்கு, என்ன இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். வாளி!”

கைராசி கொடியருகே குனிந்தாள். “ரொம்ப நன்றிங்க” என்றாள், கண் கலங்க.

பல்லி அவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மூக்கில் மஞ்சளோடு, ஒரு வார்த்தை பேசாமல், ஓட்டை வழியாக வெளியே போனது.