தாமதத்திற்கான காரணம்

"வீட்டுப்பாடம் எங்கே?" என்று காந்திமதி கேட்டதும், எட்டு மாணவர்களும் அவசரமாகப் பையைத் துழாவினார்கள். எந்தப் பையிலிருந்தும் எதுவும் வெளியே வரவில்லை.

ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் பெரியவர்களுக்கான தமிழ் வகுப்பு அது. எல்லோரும் டெல்லியில் பிறந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுதச் சொன்னால் விழிப்பார்கள். காந்திமதி வார நாட்களில் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர்.

"ஆபீஸ்ல ஆடிட், மிஸ். அடுத்த வாரம் பக்கா," என்றார் ஜெகன். வயது நாற்பத்தொன்று.

"என் பொண்ணுக்குப் பரீட்சை, மிஸ்," என்றாள் வைஷ்ணவி.

"இனிமே லேட்டாக் கொண்டுவந்தா வாங்கவே மாட்டேன்," என்று காந்திமதி கறாராகச் சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு இரண்டே பேர் வந்தார்கள். மற்ற ஆறு பேருக்கும் ஒரே சமயத்தில் காய்ச்சல் என்று வாட்ஸ்அப் சொன்னது.

சங்கச் செயலாளர் அழகர்சாமி எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கு இவ்வளவு பெரிய ஹாலாம்மா? யோகா கிளாஸ்காரங்க தினம் கேக்குறாங்க."

காந்திமதி மூன்று வருடமாகக் கட்டிக் காத்த வகுப்பு. வீட்டுக்குப் போனதும் குழுவில் செய்தி அனுப்பினாள்: 'லேட்டானாலும் பரவாயில்லை. காரணத்தை மட்டும் தமிழில் கடிதமாக எழுதித் தரவும்.'

அதற்கடுத்த ஞாயிறு எட்டுப் பேரும் வந்தார்கள். எட்டுக் கடிதங்கள் வந்தன. வீட்டுப்பாடம் ஒன்றுகூட வரவில்லை.

ஆனால் அந்தக் கடிதங்கள்! 'எதிர்பாராத அலுவல் நெருக்கடியால்' என்று தொடங்கியிருந்தார் ஜெகன். ழகரம், ளகரம் எதிலும் பிழையில்லை. சிவப்புப் பேனாவுக்கு வேலையே இல்லை. எட்டுக் கடிதங்களிலும் கையெழுத்து ஒரே மாதிரி இருந்தது. தன் கரும்பலகை எழுத்தைப் பார்த்தே எல்லோரும் பழகிவிட்டார்கள் என்று காந்திமதி பூரித்துப்போனாள். வளர்ந்தவர்களை அதட்டக் கூடாது, எழுத ஒரு தேவையைக் கொடுக்க வேண்டும் என்று புரிந்துகொண்டாள்.

"இனிமே கடிதம்தான் வீட்டுப்பாடம்," என்று அறிவித்தாள்.

அதன்பிறகு கடிதங்கள் தாமதமாக வரத் தொடங்கின. தாமதத்துக்கு விளக்கம் கேட்டாள். விளக்கமும் கடிதமாகவே வந்தது, அதுவும் தாமதமாக. அத்தனையையும் தேதிவாரியாகக் கோப்பில் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு வகுப்புக்கு வந்த அழகர்சாமி கோப்பைப் புரட்டி அசந்துபோனார். "பிரமாதம்மா! யோகாவுக்கு வேற இடம் பாத்துக்கச் சொல்லிடறேன். எங்கே, எல்லாரும் ஆளுக்கு ரெண்டு வரி போர்டுல எழுதுங்க, பாப்போம்."

ஜெகன் சாக்பீஸை எடுத்தார். 'அ' எழுதினார். தள்ளி நின்று அதன் அழகைப் பார்த்தார். வைஷ்ணவி, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவப் பார்த்தாள்.

"மிஸ், இதை அடுத்த வாரம் தரட்டுமா?" என்றார் ஜெகன்.

கதவு திறந்தது. கேட் காவலாளி யாதவ்ஜி, இந்தி பேசும் கோரக்பூர்க்காரர், மூச்சிரைக்க நின்றார். ஞாயிறுகளில் அவருடைய நாற்காலி இந்தக் கதவுக்கு வெளியே, கரும்பலகை தெரியும் இடத்தில்தான். கையில் மடித்த தாள்கள் எட்டு. ஆசிரியையைக் கண்டதும் விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"பொறுத்தருள வேண்டும், ஆசிரியை அவர்களே! எட்டுப் பேருக்கும் நான் ஒருவனே எழுத வேண்டியிருப்பதால் சற்றுத் தாமதமாகிவிட்டது."