சுருளாயியின் சிவந்த இமை

ஒரு காட்டில் சுருளாயி என்றொரு செம்மறி, சாகப் போகிறோம் என்று தெரிந்தும் மேய்ந்துகொண்டிருந்தாள். பசியில்லை, பழக்கம்தான்.

ஒருநாள் நிற்கவும் தெம்பில்லாமல் போகவே, டோக்கன் வாங்கிக் காத்திருந்து வைத்தியர் கொம்பையாவைப் பார்த்தாள். கொம்பையா வெள்ளாடு. தாடி இருந்ததால் இயற்கை வைத்தியராகிவிட்டார். அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது.

"வயித்துல புழும்மா. ரத்தத்தையெல்லாம் குடிச்சிருச்சு. வேப்பங்கொழுந்து தின்னு. முக்கியமா, புழுக்கை போட்ட இடத்துலயே திரும்பத் திரும்ப மேயாதீங்க. புழுக்குஞ்செல்லாம் ஈரப்புல்லுல ஏறி உட்கார்ந்திருக்கும். இடத்தை மாத்துங்க."

"மாத்தலாம்ண்ணே. எனக்கு முன்னால நிக்கிறவ நகரணுமே."

"அவ ஏன் நகரல?"

"அவளுக்கு முன்னால நிக்கிறவ நகரல."

கொம்பையா எட்டிப் பார்த்தார். மந்தை வட்டமாக நின்றிருந்தது. கும்பிடு போட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

சுருளாயிக்கு உயிர்மேல் கொள்ளை ஆசை. நேராக ஓநாயிடம் போய் நின்றாள்.

"ஐயா, எங்க மந்தையை வாராவாரம் வேற புல்வெளிக்குத் துரத்தி விடணும். கூலியா, கொழுத்ததுல ஒண்ணை எடுத்துக்குங்க." எலும்பும் தோலுமாக இருந்தவளுக்கு இதைச் சொல்ல ஒரு தயக்கமும் இல்லை.

"எல்லாரும் கம்பளிக்குள்ள இருக்கீங்க. கொழுத்தது எதுன்னு எப்படித் தெரியும்?"

"கீழிமையை இழுத்துப் பாருங்க. நல்லா சிவந்திருந்தா அதுதான்."

அன்றிலிருந்து ஓநாய் துரத்தியது, மந்தை ஓடியது. காலிசெய்து வந்த புல்வெளியில் புழுக்குஞ்சுகள் ஆடு கிடைக்காமல் வெயிலில் காய்ந்து செத்தன. வாரம் ஒருத்தி குறைந்தாள், மற்றவர்கள் துள்ளினார்கள். சுருளாயி வேப்பங்கொழுந்தும் தின்று, கொழுகொழுவென்று ஆகிவிட்டாள். என்ன சுகம், என்ன சுகம் என்று வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஒருநாள் ஓநாய் அவளை நிறுத்தி, கீழிமையை இழுத்துப் பார்த்தது.

"பிரமாதம்! செம்பருத்தி மாதிரி இருக்கு. அடுத்த மாசம் உன் முறை."

சுருளாயி அன்றே வேப்பங்கொழுந்து தின்பதை நிறுத்தினாள். மறுநாள் விடிந்ததும், மந்தை அப்போதுதான் விட்டுவந்த புல்வெளிக்கு ஓடினாள், பனி காயுமுன் புழுக்கை கிடக்கிற இடமாகப் பார்த்து நாலு வாய் மேய்ந்துவிட.

அங்கே அவளுக்கு இடமில்லை. மொத்த மந்தையும் ஏற்கெனவே வட்டமாக நின்று, தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தது.

நீதி: உடம்பு ஒரேயடியாகத் தேறிவிடக் கூடாது, வயிற்றில் நாலு புழு வைத்திருப்பவரே நாலு நாள் கூடுதலாக இருப்பார்.