வாய்க்கால் கடைசிக்கு வந்த புகை

உருத்திரபுரம்,
ஆவணி 12.

பெருமதிப்புக்குரிய பரமேஸ்வரன் அத்தான் அவர்களுக்கு,

குகதாசன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நேசமலரின் மூச்சு ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே அக்காவும் நீங்களும் மூச்சு உட்படச் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

நீங்கள் அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் சட்டதிட்டம் எழுதியவர் என்பதால் கேட்கிறேன். சிறுபோக அறுவடை முடிந்து வயல்களில் வைக்கோல் எரிக்கிறார்கள், அந்தப் புகையில் என் மனைவிக்கு முட்டு வந்து மூச்சு இழுக்கிறது என்று கமக்காரர் அமைப்பில் முறையிட்டேன். எல்லாரும் பாதி பாதி எரிப்போம், அதுதான் சமநீதி என்று தீர்மானித்தார்கள். பத்து ஏக்கர் வைத்திருக்கிற சின்னராசாவுக்கு ஐந்து ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரனான எனக்கு ஒன்று. இது என்ன நீதி என்று நான் யோசிப்பதற்குள், மாடு வளர்ப்பதால் வைக்கோலை எரித்தே அறியாத ஆண்டியப்பன், "இந்த வருசம் எரிக்கலேன்னா அடுத்த வருசம் என் பாதி போயிருமே" என்று தன் வயலுக்குத் தீ வைத்தார். மாடுகள் பட்டினி, புகை கூடியதுதான் மிச்சம்.

பிறகு தண்ணீருக்கு முறை வைப்பதுபோலப் புகைக்கும் முறை வைத்தார்கள். முறை எழுதுகிற கொப்பியின் அட்டையில் தண்ணீர் என்றிருந்ததை வெட்டிப் புகை என்று எழுதி, வாய்க்காலின் மேற்பகுதியில் தொடங்கி நாளுக்கு ஒருவர் என்றார்கள். தண்ணீர் வரும்போது கடைசியில் இருக்கிற எனக்கு மிஞ்சினதுதான் வரும். மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்றில் புகை மட்டும் யாருடையதும் குறையாமல் வந்து சேர்ந்தது. முன்பு ஒரு கிழமையில் முடிந்த முட்டு, இப்போது ஒழுங்குமுறையாகத் தினமும் வந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழும்பி, "எரிக்கிற ஆள் அண்டைக்கு முழுக்க நேசமலரைத் தன்ர வீட்டில வச்சுப் பாக்கட்டும்" என்றேன். சிரித்துக்கொண்டே அதையும் தீர்மானமாக நிறைவேற்றினார்கள். முதலில் அகப்பட்டவர் சின்னராசா. காலையில் போன நேசமலர் பொழுதுபடுமுன் அவர் மனைவி ஜெயரூபியின் அலுமாரியைக் கலைத்து அடுக்கி, குழம்பில் புளி கூட என்று சொல்லி, சின்னராசா உடுக்கிற சாரத்தையும் பழசென்று துடைக்கிற துணியாக்கிவிட்டாள். மறுநாளே அவர் வைக்கோலைச் சுருட்டிக் கட்டுகிற மெஷினோடு நின்றார். "குகண்ணை, இனி வயலுக்கு நெருப்புப்பெட்டியும் கொண்டு போகமாட்டன்" என்றார். மற்றவர்களும் பயத்தில் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அத்தான், நேற்று மத்தியானம் அவள் கதிரையில் இருந்து அதன் கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவித்தாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. வெளியே போய்ப் பார்த்தால் நாலு பக்கமும் புகையே இல்லை. அப்படியென்றால் யாரோ கண்ணுக்குத் தெரியாமல் எரிக்கிறார்கள். சின்னராசா வீட்டில் நின்ற அன்று அவளுக்கு முட்டு வரவில்லை, எங்கள் வீட்டுக்கு வந்தால் வருகிறது. என் வீட்டைக் குறிவைத்துத்தான் செய்கிறார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் சின்னராசாவின் பெயரைச் சொல்லிப் பொலிசுக்கு எழுதப்போகிறேன். நீங்கள் வந்து பக்கத்தில் இருக்கவேண்டும். மகள் தாட்சாயினி இன்று காலை அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். திரும்பி வரும்வரை எனக்கு உயிர் கையில் இல்லை.

அக்காவுக்கு என் அன்பையும், உங்கள் காலுக்கு என் வணக்கத்தையும் சேர்த்து அனுப்பும்,
நியாயம் கிடைக்காத குகதாசன்.

பி.கு.: சனிக்கிழமை வரவேண்டாம் அத்தான். தாயும் மகளும் கிளினிக்கால் வந்துவிட்டார்கள். டொக்டர் வயலைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். "எதில சமைக்கிறனீங்கள்?" என்றுதான் கேட்டாராம். ஜெயரூபி சமைப்பது காஸ் அடுப்பில். எங்கள் விறகடுப்புக்குப் புகைபோக்கி இல்லை, நான் கட்டவில்லை. நேசமலர் இனி அந்தக் குசினிக்குள் போகவே கூடாதாம். அதனால் இன்று சோறு நான்தான் காய்ச்சினேன். கால் மணித்தியாலம் நிற்க முடியாமல் முற்றத்துக்கு ஓடிவந்து இருமிக்கொண்டு இதை எழுதுகிறேன். "இருபத்தாறு வருசம் இதுக்குள்ள எப்பிடியப்பா நிண்டனீர்?" என்று அவளைக் கேட்டேன். "பசியெண்டு வந்து நிப்பீங்கள் எல்லே" என்றாள்.