மாப்பிள்ளை மீனும் டெய்லர் நானாவும்

ஒரு தடவை பார்த்த மீனை மறக்காதவரும், ஆயிரம் தடவை பார்த்த மனிதனை அடையாளம் தெரியாதவரும் ஒரே ஆளாக இருக்க முடியுமா? முடியும். கற்பிட்டிக் கடைத்தெருவுக்கு வாருங்கள், டெய்லர் நானாவைக் காட்டுகிறேன்.

என் கலியாணத்துக்குத் தைக்கக் கொடுத்த களிசானை, அதுதான் பேண்டை, வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, அந்த ஆளின் களிசானை என்னிடம் நீட்டிய மகான் அவர். போட்டுப் பார்த்தேன். என்னைப் போல இன்னொருவர் உள்ளே வந்தாலும் இடமிருந்தது. ஒரு பெருநாளைக்குப் புத்தளத்திலிருந்து வந்த சொந்த மச்சினனை வாசலில் நிறுத்தி, "கரண்ட் பில் போன மாசமே கட்டிட்டமே தம்பி!" என்று திருப்பி அனுப்பப் பார்த்தவர். என்னை அன்றிலிருந்து இன்றுவரை "ரிஸ்வான்" என்றுதான் கூப்பிடுகிறார். என் பெயர் ரிஸ்வான் இல்லை.

ஆனால் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டி என்றால் கதையே வேறு. எல்லாம் செம்மஞ்சள் நிறத் தங்கமீன்கள், அங்கங்கே கொஞ்சம் வெள்ளை. எனக்கு எல்லாம் ஒன்றுதான். சொன்னால் நானாவுக்குக் கோபம் வரும்.

"என்ன கண்ணு தம்பி ஒங்களுக்கு? இவன் வக்கீல், வாயை மூடவே மாட்டான். அவள் சண்டைக்காரி, மூலைக்கு யார் போனாலும் விரட்டுவாள். இந்தா, தலையில வெள்ளைத் தொப்பி போட்டவன், இடது கண்ணுக்குக் கீழ சுர்மா மை இழுகின மாதிரி கோடு தெரியுதா? இவன்தான் மாப்பிள்ளை. தீன் போட்டாலும் வரமாட்டான். கூப்பிடணும்." பிறகு குனிந்து, "வாங்க மாப்பிள்ளை, சாப்பிடுவம்" என்றார். அல்லாஹ்வே! அந்த மீன் மெல்ல, கௌரவமாக வந்து சாப்பிட்டது.

பக்கத்துச் சலூன்காரர் ஒரு நாள் நானாவைச் சோதிக்க நினைத்தார். சிலாபத்திலிருந்து அச்சாக வக்கீல் மாதிரியே ஒரு மீன் வாங்கி வந்து, நானா லுஹர் தொழப் போன நேரம் வக்கீலை எடுத்துவிட்டு இதைப் போட்டார். நானா வந்து உட்கார்ந்தார், ஊசியில் நூல் கோத்தார், தொட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"வக்கீல் எங்க? இது வேற ஆள். வக்கீல் எப்பவும் இடப்பக்கமாத்தான் திரும்புவான்."

சலூன்காரர் அசந்துபோய் வக்கீலைக் கொண்டுவந்து கொடுத்தார். நானா வாங்கிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சந்தோஷம் தம்பி. நீங்க எந்த ஊர்?" வருஷக் கணக்காக நானாவின் தாடியைக் கத்தரிக்கிற மனிதர் அவர்!

இவ்வளவு கெட்டிக்காரர் ஒரே ஒரு தடவை பிழைவிட்டார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் மீன் தொட்டி உண்டு. போன மாரிமழைக்கு வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது, கரண்டும் போனது. தொட்டிகளுக்குக் காற்று அடிக்கிற மோட்டர்கள் நின்றதும், தெருவிலுள்ள மீன்களெல்லாம் வாளி வாளியாகப் பள்ளிவாசலுக்குப் போயின. பள்ளி மேட்டில் இருக்கிறது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழுச் செய்யும் ஹவுழ் பெரிய தண்ணீர்த் தொட்டி. பாங்கு சொல்லும் மோதினார் முதலில் முறைத்தார், பிறகு அவரும் தன் மீனைக் கொண்டுவந்து விட்டார்.

வெள்ளம் வடிந்த அன்று காலையில் நானாவோடு நானும் ஹவுழடிக்குப் போனேன். மூலையில் வெள்ளைத் தொப்பிக்காரன் ஒருவன் செத்து மிதந்தான். "நானா, மாப்பிள்ளையா?"

நானா கையில் ஏந்திப் பார்த்தார். "இல்ல. சுர்மா இல்லியே. இது டீச்சர்ட சுல்தான்."

ஓய்வுபெற்ற டீச்சர் எங்கள் தெருவில் தனியாக இருப்பவர். ஒரே மகன் கட்டாருக்குப் போகும்போது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன மீன்தான் சுல்தான். வீடியோ கோலில் மகன் முதலில் கேட்பது சுல்தானைத்தான். நானா பள்ளிக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் அதைப் புதைத்தார். "டீச்சருக்கு எப்பிடித் தம்பி சொல்ற?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதற்குள் தெருவே வாளியோடு வந்துவிட்டது. பெரிய மீனெல்லாம் தங்களுடையதென்று எல்லோரும் சத்தம். நானா ஹவுழுக்குள் இறங்கி நின்றார். "இது பேக்கரி வீட்டு ஆள், செதில் உதிர்ந்திருக்கு. இவன் மோதினார்ட, எப்பவும் அரைத்தூக்கம்." ஆட்களின் பெயரைக் கண்டபடி மாற்றிச் சொன்னார், மீன்களில் ஒரு பிழை இல்லை.

அப்போது டீச்சர் வந்தார். கையில் போன், போனில் மகன். "உம்மா, சுல்தான் இருக்கானா? காட்டுங்க!" டீச்சர் குனிந்து தேடினார். முகம் பளிச்சென்று மலர்ந்தது. "இந்தா இருக்கான் மகன்! வெள்ளைத் தொப்பி! நானா, இவன் சுல்தான்தானே?"

தண்ணீருக்குள் கண்ணுக்குக் கீழே சுர்மாக் கோட்டோடு நின்றது மாப்பிள்ளை. மீன் தெரியாத எனக்கே தெரிந்தது. நானா மாப்பிள்ளையைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"ஓம் டீச்சர். சுல்தான்தான்."

தன் கையாலேயே அள்ளி டீச்சரின் வாளியில் விட்டார். "ஒங்கட மாப்பிள்ளை எங்க நானா?" என்று மோதினார் கேட்டபோது, "மௌத்தாயிட்டான், முருங்கையடியில பொதைச்சிட்டன்" என்று சொல்லிவிட்டு சாரனைப் பிழியத் தொடங்கினார்.

அடுத்த வாரம் டீச்சர் கடைக்கு ஓடிவந்தார். "நானா, சுல்தான் முன்ன கண்ணாடியில முட்டி முட்டிக் கேட்பான். இப்ப தீன் போட்டாலும் வாறானில்ல!"

"வெள்ளத்துல பயந்திருக்கான் டீச்சர். மரியாதையாக் கூப்பிட்டுப் பாருங்க. 'வாங்க மாப்பிள்ளை' எண்டு."

இப்போது டீச்சர் வீட்டில் மூன்று வேளையும் அந்தக் குரல் கேட்கிறது. அந்த வழியாகப் போகும்போது நானாவின் நடை கொஞ்சம் மெதுவாகும். கேட்டுவிட்டுத்தான் கடைக்கு வருவார். வந்ததும் என்னைப் பார்த்து, "வாங்க ரிஸ்வான், டீ குடிப்பம்" என்பார்.

முன்பெல்லாம் பெயரைத் திருத்துவேன். இப்போது அவர் கூப்பிட்டால், "ஓம் நானா" என்று போய் உட்கார்ந்துவிடுகிறேன்.